மரைப் பண்ணையும் வேட்டை விடுதியும்: அனுமதிப்பத்திரம் வருமுன் முற்பணம் எதற்கு?

கடந்த நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டாவது வாரம். ஹட்டனில் எனது கடையில் பகல் வியாபாரம் சற்று ஓய்ந்திருந்த நேரம். ஓரளவு அறிமுகமான தரகர் ஒருவர் தடித்த கோவையொன்றுடன் வந்து அமர்ந்தார். பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தேன். "ஹாஜியார், இது உங்களைப் போல நாலு பேர் சேர்ந்தாச் செய்யக்கூடிய தொழில். நம்மட ஆக்கள்ட கையில வரட்டும் என்டுதான் முதல்ல உங்களிட்ட வந்தேன்" என்று பேச்சை ஆரம்பித்தார்.

கோவையைத் திறந்தால் எல்லாம் வண்ணப் படங்கள். கைவிடப்பட்ட தேயிலை மலை நூறு ஏக்கர். சுற்றிவர உயரமான கம்பி வேலி. உள்ளே மரைகளும் புள்ளிமான்களும். ஒரு பக்கத்தில் இறைச்சிக்காக வளர்ப்பு. மறுபக்கத்தில் மரத்தாலான விடுதிகள். வெளிநாட்டவர்கள் வந்து தங்கி, பணம் கட்டி, ஒரு மரையைச் சுட்டு, அதன் கொம்பை ஞாபகார்த்தமாக எடுத்துச் செல்லலாம். கடைசிப் பக்கத்தில், 'மத்திய கிழக்குச் சந்தைக்கு ஹலால் மான் இறைச்சி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பங்கொன்று இருபத்தைந்து இலட்சம் ரூபா. முற்பணம் ஐந்து இலட்சம்.

"அனுமதிப்பத்திரம் எங்கே?" என்று கேட்டேன்.

"கொழும்புல மேசைக்குப் போயிட்டு ஹாஜியார். இன்னும் மூணு மாசம்" என்றார்.

எந்தச் சட்டத்தின் கீழ், எந்தத் திணைக்களத்தின் மேசை, யாருடைய கையொப்பம் என்று அடுத்தடுத்துக் கேட்டபோது அவரிடம் பதில் இருக்கவில்லை. நான் அவரை மரியாதையாக அனுப்பி வைத்தேன்.

விஷயம் அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். கட்டாரில் ஒன்பது வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய எனது தங்கையின் மகனிடமும் அதே கோவை போயிருந்தது. அவர் ஓரிரவு வீட்டுக்கு வந்து, "மாமா, நியூசிலாந்தில செய்றாங்க. மொரீசியஸ்ல செய்றாங்க. நாம மட்டும் ஏன் செய்யக்கூடாது?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. ஒன்பது வருட வியர்வைக்கு முன்னால் 'வேண்டாம் மகன்' என்று மொட்டையாகச் சொல்லிவிட முடியாது. ஆகவே விசாரித்தேன், வாசித்தேன். அறிந்ததை வர்த்தக சகோதரர்களின் முன்னால் வைக்கிறேன்.

சட்டம் எங்கே நிற்கிறது?

நமது நாட்டில் வனவிலங்குகள் தொடர்பான அடிப்படைச் சட்டம் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமாகும். அது பல தடவைகள் திருத்தப்பட்டது. குறிப்பாக 1993இலும் 2009இலும் வந்த திருத்தங்கள் அதனை நன்றாக இறுக்கின. நிறைவேற்றும் பொறுப்பு வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் இருக்கிறது.

இச்சட்டத்தின்படி மரையும் மானும் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். அவற்றைச் சுடுவது மட்டும்தான் குற்றம் என்று நம்மில் சிலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். பொறி வைப்பதும், இறைச்சியை வைத்திருப்பதும், விற்பதும் குற்றமே. சம்பந்தப்பட்ட துவக்கையும் வாகனத்தையும் பறிமுதல் செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. பணம் வாங்கிக்கொண்டு விருந்தாளிகளை மரை சுட விடுவதற்கென்று இன்று இந்நாட்டில் ஒரு அனுமதிப்பத்திரம் கிடையாது. இறைச்சிக்காக மரை வளர்க்கும் வணிகப் பண்ணைக்கென்று ஒரு உரிமமுறையும் கிடையாது. எனவே 'பத்திரம் மேசையில் இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால், இல்லாத ஒரு பத்திரத்தைப் பற்றியே அவர் சொல்கிறார்.

அடுத்தது காணி. தோட்டக் காணிகள் 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தின் மூலம் அரசுக்கு வந்தவை. 1992இல் அவை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டன. குத்தகைக் காலம் 53 வருடம். அது 2045இல் முடிகிறது. கம்பனியே குத்தகைக்காரன் என்றால், அதனிடமிருந்து உப குத்தகை எடுப்பவரின் நிலை என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. தேயிலைக் காணியில் வேறு தொழில் செய்ய வேண்டுமானால் காணிச் சொந்தக்காரனான அரசின் எழுத்துமூல இணக்கம் வேண்டும். தரகரின் கோவையில் மலையின் படம் இருந்தது; காணியின் உறுதியோ குத்தகைப் பத்திரமோ இருக்கவில்லை.

மூன்றாவது துவக்கு. சுடுகலன்கள் பற்றிய 1916ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி துவக்கு வைத்திருக்க உரிமம் வேண்டும். அதை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். முப்பது வருட யுத்தம் கண்ட நாட்டில், உல்லாசப் பயணிகள் கையில் துவக்கைக் கொடுத்துத் தோட்டத்து லயங்களுக்குப் பக்கத்தில் சுடவிடும் திட்டத்துக்கு எந்த அதிகாரி கையொப்பமிடுவார்?

நான்காவது இறைச்சி. மாட்டிறைச்சிக் கடை நடத்தியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1893ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க இறைச்சிக் கடைகள் பற்றிய கட்டளைச் சட்டம் ஒரு பக்கம், 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் மறுபக்கம். மடுவமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வேறு. இவற்றில் எதுவும் மரையை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி இருக்கிறது. முதல் மரை எங்கிருந்து வரும்? காட்டிலிருந்து பிடித்தால் அதுவே குற்றம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதானால் தொற்றுத்தடுப்பு, கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம், வனஜீவராசிகள் திணைக்களம் என்று வாசல் வாசலாக ஏற வேண்டும். தரகரிடம் இதைக் கேட்டபோது, "அதுக்கெல்லாம் ஆள் இருக்கு" என்றார். அந்தப் பதிலிலேயே தொழிலின் யோக்கியதை தெரிந்துவிட்டது.

துரைமாரின் பத்திரம்

மலைநாட்டில் வேட்டை புதிய விஷயமல்ல. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் வேட்டை நாய்களை விட்டு மரைகளைத் துரத்தி, கத்தியால் குத்திக் கொன்றதைப் பெருமையாகப் புத்தகமே எழுதினார். ஹோட்டன் சமவெளியிலுள்ள பேக்கர் நீர்வீழ்ச்சி அவருடைய பெயரைத்தான் இன்றும் சுமக்கிறது. அங்குள்ள 'பார் இன்' கட்டடமும் ஒரு காலத்தில் துரைமார் வேட்டைக்கு வந்து தங்கிய விடுதிதான்.

இப்படிச் சுட்டுக்கொண்டே போனால் சுடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது என்று துரைமாருக்கே பயம் வந்தது. 1891இல் ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. 1894இல் வேட்டைக்காரர்களும் தோட்டத்துரைமாரும் சேர்ந்து வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். இன்றுள்ள வனஜீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் ஆரம்பம் அதுதான். கடலுக்கு அப்பால் நீலகிரியிலும் இதே கதை. அங்கே 1877இல் சங்கம், 1879இல் மதராஸ் அரசின் நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம். பத்திரம், கட்டணம், சுடக்கூடாத காலம் என்று எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டது.

இந்த ஒழுங்கில் நல்லதும் இருந்தது. ஆனால் பத்திரம் யாருடைய சட்டைப் பையில் இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். துவக்கும் கட்டணமும் உள்ள துரைக்கு அது விளையாட்டு. தன் மரக்கறித் தோட்டத்தை மிதித்த மரையை அடித்த தொழிலாளிக்கு அது வழக்கு. வேட்டைக்குப் பத்திரம் என்ற ஏற்பாடு அடிப்படையில் பணக்காரனின் ஏற்பாடு. இன்று வந்தாலும் அது அப்படித்தான் இருக்கும். இருபத்தைந்து இலட்சப் பங்குக்காரர்களாகிய நாம் அதில் வேலி கட்டுபவர்களாகத்தான் இருப்போம்.

ஹோட்டன் சமவெளி 1969இல் இயற்கை ஒதுக்கமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. ஒரு காலத்தில் அங்கே திரிந்த யானைகள் இன்று இல்லை. மரை மிஞ்சியிருக்கிறது. அதுவும் பத்திரம் நிறுத்தப்பட்டதால் மிஞ்சியது.

மற்ற நாடுகளில் நடந்தது

மருமகன் சொன்ன இரண்டு நாடுகளையும் பார்ப்போம். அவர் சொன்னது பொய்யல்ல.

நியூசிலாந்தில் மான் சுதேச விலங்கல்ல. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் வேட்டைக்காகக் கொண்டுபோய் விட்டவை. அவை பெருகிக் காட்டையும் மலைச்சரிவையும் அழித்தன. அரசாங்கமே சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்துச் சுட்டது. பிறகு 1969இல் மான் வளர்ப்பைச் சட்டபூர்வமாக்கி, 1970இல் பண்ணைக்கு முதல் உரிமம் கொடுத்தார்கள். இறைச்சி ஐரோப்பாவுக்கும், இளங்கொம்பு கொரியா, சீனாவுக்கும் போனது. 2000களின் நடுப்பகுதியில் பண்ணை மான்கள் 17 இலட்சத்தைத் தாண்டின. ஆனால் இன்று அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பால் மாட்டில் கூடுதல் இலாபம் கண்ட பண்ணையாளர்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

மொரீசியஸ் நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம். அதுவும் தோட்டங்களின் தீவு. 1639இல் ஒல்லாந்தர் ஜாவாவிலிருந்து மான்களைக் கொண்டுபோனார்கள். மாட்டிறைச்சி உண்ணாத இந்துக்களும் பன்றி உண்ணாத முஸ்லிம்களும் ஒரே மேசையில் உண்ணக்கூடிய இறைச்சி என்பதால் அங்கே மான் இறைச்சிக்கு நல்ல மதிப்பு. கரும்புத் தோட்டக் கம்பனிகளின் காணிகளில் வளர்க்கிறார்கள். குறிப்பிட்ட பருவத்தில் வேட்டையும் நடக்கிறது.

இந்த இரண்டு நாடுகளுக்கும் பொதுவான ஒரு விஷயத்தைத் தரகர்கள் சொல்வதில்லை. இரண்டிலுமே மான் வெளியிலிருந்து வந்த விலங்கு. பாதுகாக்க வேண்டிய சுதேச மான் இனம் அங்கே கிடையாது. நமது நாட்டில் வேலிக்கு உள்ளே நிற்கப்போவதும் மரை. வேலிக்கு வெளியே காட்டில் நிற்பதும் அதே மரை. வெட்டிக் கூறுபோட்ட பிறகு இது பண்ணை இறைச்சியா, காட்டு இறைச்சியா என்று யாரால் சொல்ல முடியும்? ஒரு பண்ணையின் பற்றுச்சீட்டைக் காட்டி பத்துக் காட்டு மரைகளை விற்கலாம். 'உரிமம் கொடுத்தால் கள்ளச் சந்தை ஒழியும்' என்று சொல்பவர்களுக்கு இதுதான் என் பதில். இங்கே உரிமம் கள்ளச் சந்தைக்குக் கதவாகிவிடும்.

சுதேச மான் இனங்களையே பண்ணையில் வளர்த்த நாட்டில் என்ன நடந்தது என்று பார்க்க அமெரிக்காவுக்குப் போக வேண்டும். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் உரிம விதிகள் உண்டு. வேலியின் உயரம், காதுப்பட்டி, கணக்குப் புத்தகம், நோய்ப் பரிசோதனை என்று விதிகள் நீள்கின்றன. இவ்வளவு விதிகளும் இருக்க, மான்களை மெலியவைத்துக் கொல்லும் மூளை நோயொன்று பண்ணைகளிலும் காடுகளிலும் பரவியது. 1967இல் கொலராடோவில் முதலில் கண்ட நோய் அது. மருந்து கிடையாது.

மொன்டானா மாநிலத்தில் 2000ஆம் ஆண்டு மக்கள் வாக்கெடுப்பொன்று நடந்தது. புதிய மான் பண்ணைக்கு உரிமம் இல்லை, இருக்கும் உரிமத்தை வேறொருவருக்கு மாற்ற முடியாது, வேலிக்குள் பணத்துக்குச் சுடவிட முடியாது என்று வாக்காளர்கள் தீர்மானித்தார்கள். பண்ணையில் பெரும் பணம் போட்டவர்கள் நட்டஈடு கேட்டு நீதிமன்றம் போனார்கள். 2008இல் மாநிலத்தின் உயர் நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. உரிமம் என்பது அரசு தரும் அனுமதி. அது உங்கள் சொத்து ஆகிவிடாது. வர்த்தகர்களாகிய நாம் சுவரில் எழுதி ஒட்டவேண்டிய பாடம் இது.

நமக்கு இது புரியாததல்ல. 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடை செய்யும் யோசனைக்கு அமைச்சரவை அனுமதி வழங்கியது. 2021 ஒக்டோபரில் அதற்குரிய சட்டங்களைத் திருத்தவும் அனுமதி கிடைத்தது. அது சட்டமாக நிறைவேறவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் கடைகளைக் கேள்விக்கு எடுத்திருந்தவர்கள் எத்தனை இரவு தூங்கவில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நூற்றுமுப்பது வருடப் பழக்கமுள்ள மாட்டிறைச்சி உரிமத்தின் நிலையே இதுவென்றால், இன்னும் பிறக்காத மரை உரிமத்தை நம்பி யார் ஐந்து இலட்சம் எண்ணி வைப்பது?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு வெறும் வியாபாரமாகவே பார்ப்போம். ஆடு ஐந்து மாதத்தில் குட்டி போடும், பெரும்பாலும் இரண்டு. மரை எட்டு மாதமளவில் சுமந்து ஒரு குட்டி போடும். அந்தக் குட்டி பெட்டையாக இருந்தால் தாயாவதற்கு இரண்டு வருடமளவில் செல்லும். இருபது பெட்டை மரைகளுடன் ஆரம்பித்தால் ஒரு குட்டியும் சாகாமல் இருந்தாலே முதல் வருடம் இருபது குட்டிகள், அதில் பாதி கிடாய். கையில் காசு வர மூன்று, நான்கு வருடம். வங்கி வட்டி அதுவரை காத்திருக்காது.

வேலியை எடுங்கள். மான் வேலி ஆறடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எட்டடி கேட்கும் நாடுகளும் உண்டு. நூறு ஏக்கர் காணி சரியான சதுரமாக இருந்தாலே சுற்றளவு இரண்டரைக் கிலோமீற்றர். நமது மலைகள் எங்கே சதுரமாக இருக்கின்றன? ஆறு, கான், மண்சரிவு என்று வளைந்து போனால் இன்னும் எவ்வளவோ கூடும். ஒரு மழைக்கு ஒரு மரம் வேலியில் விழுந்தால் முதலீடு காட்டுக்குள் ஓடிவிடும்.

மரையை மாட்டைப்போல கயிற்றில் கட்டி மடுவத்துக்கு நடத்திப் போகவும் முடியாது. பயந்த விலங்கு. பிடித்து அடைக்கும்போதே அதிர்ச்சியில் செத்துப்போகும். நோய் என்று வந்தால் கோமாரி மாட்டுக்கும் மானுக்கும் பொதுவானது. அம்பேவெல பக்கம் பால் மாட்டை நம்பி இருப்பவர்கள் பக்கத்து மலையில் மரைப் பண்ணை வருவதை விரும்புவார்களா?

கிசுகிசுத்து விற்கும் இறைச்சி

இனிச் சொல்லப்போவது சற்றுக் கசப்பானது. மலைநாட்டில் 'வேட்டை இறைச்சி' என்று காதோடு காதாகப் பேசி விற்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வாங்குபவர்களில் எல்லாச் சமூகத்தவரும் உண்டு, நாமும் உண்டு. மறைப்பதில் பயனில்லை.

எனது வாப்பா ஒரு காலத்தில் மாட்டிறைச்சிக் கடை நடத்தியவர். நான் சிறுவனாக இருந்தபோது கடையில் மரை இறைச்சி விற்பதாக யாரோ முறையிட்டு, தேடுதல் நடந்தது. கடையைப் புரட்டினார்கள். ஒன்றும் அகப்படவில்லை, இருந்தால்தானே அகப்படும். ஆனால் இரண்டு வாரம் கடைக்கு ஆள் வரவில்லை. 'அந்தக் கடையிலே என்னவோ பிடிபட்டதாம்' என்ற பேச்சு மட்டும் டவுன் முழுவதும் சுற்றியது. தொங்கிய இறைச்சியைப் பார்த்தபடி வாப்பா சும்மா உட்கார்ந்திருந்தது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. நாளைக்கு ஒரு மான் பண்ணை வந்து, நாடு முழுவதும் மான் இறைச்சி விற்பவன் முஸ்லிம் என்ற பெயரும் வந்தால், அந்தப் பழியை ஒரு கடை அல்ல, எல்லாக் கடைகளும் சுமக்கும்.

இறைச்சி எப்படி வந்தது என்ற கேள்வியும் உண்டு. வேட்டை மார்க்கத்தில் அனுமதிக்கப்பட்டதுதான். அதற்கு ஒழுங்குகளும் உண்டு. ஆனால் இன்று தோட்டப்புறத்தில் வரும் மரை இறைச்சியில் பெரும்பகுதி சுருக்குக் கம்பியில் மாட்டியது என்பது ஊரறிந்த இரகசியம். கழுத்து நெரிபட்டு இரவோடு இரவாகச் செத்ததைக் காலையில் அறுத்து 'ஹலால்' என்று விற்றால், உலமாக்களிடம் கேட்காமலே நமக்குப் பதில் தெரியும். காட்டுச் சொத்தைத் திருடி, சட்டத்தை மீறி, செத்ததை விற்பது எந்தக் கணக்கில் பரக்கத்தான வியாபாரம்?

அந்தக் கம்பி மரையை மட்டும் பிடிப்பதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணி, லக்ஷபான தோட்டப் பகுதியில் மரக்கறித் தோட்டமொன்றில் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தையை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. உயிருடன் மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்களில் அது செத்தது. மிக அபூர்வமான ஒரு விலங்கு சில அடி கம்பிக்குப் பலியாகியது. மரைக்கு விலை ஏறினால் கம்பியும் கூடும்.

நாம் கேட்க வேண்டியது என்ன?

எதிர்ப்பது மட்டும் கருத்தல்ல. கொழுந்துக் காசோடு மரக்கறி நட்டுப் பிழைக்கும் லயத்து மக்களின் பாத்தியைப் பன்றியும் மரையும் அழிக்கின்றன. அது உண்மையான இழப்பு. அவர்களைக் குற்றவாளிகளாகப் பார்ப்பதை விட்டு, வேலிக்கு உதவியும் பயிரழிவுக்கு விரைவான நட்டஈடும் கேட்க வேண்டும். நமது கடைகளில் கடன் கொப்பி வைத்திருப்பவர்கள் அவர்கள்தான். அவர்களுடைய பாத்தி அழிந்தால் நமது கல்லாவும் காய்ந்துவிடும்.

அடுத்து, எண்ணாமல் எதற்கும் பத்திரம் கொடுக்கக் கூடாது. 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் பேச்சு எழுந்து, வழக்குக்குப் போய், நின்றுபோனது. 2025 மார்ச் 15ஆம் திகதி நாடு முழுவதும் ஐந்து நிமிடம் குரங்கையும் மயிலையும் மர அணிலையும் எண்ணினார்கள். வரிசை தலைகீழாக இருந்தது. வியாபாரப் பேச்சு முதலில், கணக்கு பிறகு. மரை விஷயத்திலும் அப்படி நடக்கக் கூடாது.

பணத்துக்குச் சுடும் வேட்டைக்கு எந்தப் பெயரிலும் உரிமம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பண்ணையைப் பற்றி எப்போதாவது அரசு யோசித்தால், அது பாராளுமன்றத்தில் பேசப்பட்டு வர்த்தமானியில் வெளிவர வேண்டும். முதல் விலங்கு எங்கிருந்து வந்தது என்ற பதிவு, ஒவ்வொன்றுக்கும் காதுப்பட்டி, தனி மடுவம், கால்நடை வைத்தியரின் முத்திரை, தேசியப் பூங்காவிலிருந்து தூரம், உரிமம் நீக்கப்பட்டால் என்ன நட்டஈடு என்ற தெளிவான வாசகம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். இவை எழுத்தில் வரும்வரை ஒரு சதமும் போடாதீர்கள்.

அதுவரை மரையில் வியாபாரமே இல்லையா? இருக்கிறது. பட்டிப்பொலைக்கும் ஒஹியவுக்கும் விடியற்காலையில் வரும் வாகனங்களை எண்ணிப் பாருங்கள். ஹோட்டன் சமவெளிக்கு வருபவர்கள் மரையை உயிரோடு பார்க்க வருகிறார்கள். ஒரு மரையை ஒருவன் சுட்டால் ஒரு நாள் காசு. அதே மரையை ஆயிரம் பேர் பார்த்துப் போனால், வேனுக்கும் அறைக்கும் காலைச் சாப்பாட்டுப் பார்சலுக்கும் வருடம் முழுவதும் காசு. அரபு நாட்டுப் பயணிகளுக்கு நம்பிக்கையான சாப்பாடும் தொழுகைக்கு ஒரு சுத்தமான அறையும் கொடுக்கும் சிறு விடுதிகள் மலைநாட்டில் இன்னும் போதாது. இறைச்சிதான் தொழிலென்றால் ஆட்டுப் பண்ணைக்குச் சட்டமும் உண்டு, சந்தையும் உண்டு. ஹஜ்ஜுப் பெருநாள் வந்தால் ஆட்டு விலை எங்கே நிற்கிறது என்று நமக்குத் தெரியாததா?

பள்ளிவாசல் நிர்வாகங்களும் வர்த்தக சங்கங்களும் ஒரு காரியம் செய்யலாம். 'எங்கள் டவுனில் காட்டு இறைச்சி விற்பதில்லை, வாங்குவதில்லை' என்று வெளிப்படையாக அறிவிக்கலாம். அது சட்டத்துக்குப் பயந்து செய்வதாக இருக்க வேண்டியதில்லை. நமது தராசின் மானத்துக்காகச் செய்யலாம்.

மருமகனிடம் இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்தக் காசை என்ன செய்ற மாமா?" என்றார். வேனா, ஆடா, நுவரெலியாவில் இரண்டு அறையா என்று இன்னும் முடிவில்லை. கணக்குப் போட்டுக் கொண்டிருக்கிறோம். முற்பணம் மட்டும் கொடுக்கவில்லை. தரகர் சொன்ன மூன்று மாதம் கடந்துவிட்டது. பத்திரம் இன்னும் மேசையில்தான் இருக்கிறதாம்.

அந்தக் கோவை இப்போது வேறு ஊர்களுக்கும் போய்க்கொண்டிருப்பதாகக் கேள்வி. உங்கள் கடைக்கும் வரலாம். பிளேன்டீ ஒன்றைக் கொடுங்கள். படத்தைப் பார்க்குமுன் பத்திரத்தைக் கேளுங்கள்.